லாயருக்கு எவ்வளவு வரும்? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்கு

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியாகும் பருவத்தில், மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தோட்டப்புற ஊரான சுங்கை சிப்புட்டின் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது: பிள்ளையைச் சட்டம் படிக்க வைக்கலாமா, லாயருக்கு மாதம் எவ்வளவு வரும்? கேட்பவர்களில் பாதிப்பேர் பதிலையும் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். டாக்டருக்கு அடுத்தபடி லாயர்தான் என்பது அந்தப் பதில். பெரிய கார், கறுப்புக் கோட்டு, ஆலயத் திருவிழாவில் முன்வரிசை நாற்காலி எல்லாம் அதற்குச் சாட்சி.

வழக்கறிஞர் அலுவலகத்தில் நிலப் பத்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை செய்தவன் நான். நீதிமன்றத்தைவிட ரசீதுப் புத்தகம்தான் எனக்கு நெருக்கம். அந்தப் புத்தகத்தை வைத்துச் சொல்கிறேன்: தோட்டப்புற ஊர் ஒன்றில் வழக்கறிஞருடைய வருமானத்தைத் தீர்மானிப்பது அவருடைய வாதத் திறமையைவிட அந்த ஊரின் வீட்டு விலைதான். இதைப் புரிந்துகொள்ளாமல் போடும் கணக்கு எல்லாம் தப்பாகத்தான் முடியும்.

முதலில் மக்கள் மனத்தில் இருக்கும் லாயரைப் பற்றி. பேராக்கின் பழைய தலைமுறைக்கு லாயர் என்றால் ஈப்போவின் சீனிவாசகம் சகோதரர்கள். டி.ஆர். சீனிவாசகம் மக்கள் முற்போக்குக் கட்சியின் தலைவர், ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினர், 1969இல் மறைந்தார். அரசியலுக்கு இணையாக நீதிமன்றத்திலும் அவர் பெயர் ஒலித்தது. மரண தண்டனைக்குரிய வழக்குகளை ஜூரிகள் உட்கார்ந்து கேட்ட காலம் அது. வாதம் கேட்கவே சனங்கள் பஸ் ஏறிப் போனார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜூரி முறை 1995ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு ஒழிந்துவிட்டது. ஆனால் அந்தக் காட்சி மட்டும் நம் மனத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைய வழக்கறிஞரின் நாளில் பெரும்பகுதி பாரங்களோடும் வங்கிக் கடிதங்களோடும் கழிகிறது என்பதை அந்தக் காட்சி மறைத்துவிடுகிறது.

தீபகற்ப மலேசியாவில் இன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனி ஏற்பாடு. இவர்களில் பாதிக்கும் மேலானோர் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும்தான். வாதாடுபவர் வேறு, பத்திரம் எழுதுபவர் வேறு என்று இங்கிலாந்தில் இருக்கும் பிரிவு நம் நாட்டில் இல்லை. 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டப்படி ஒரே ஆள் இரண்டையும் செய்யலாம். சின்ன ஊரில் செய்துதான் ஆக வேண்டும். காலையில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஜாமீன் கேட்டவர், மத்தியானம் வீட்டு விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பார். காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மத்தியான வேலையிலிருந்துதான்.

வீடு, நிலம் கைமாறும்போது வழக்கறிஞர் எவ்வளவு வாங்கலாம் என்பதை அரசாங்க ஆணை ஒன்று நிர்ணயிக்கிறது. வாய்க்கு வந்த தொகையைக் கேட்க முடியாது. தள்ளுபடி கொடுப்பதற்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். 2023 ஜூலை 15 முதல் நடப்பில் இருக்கும் விகிதம் இது: முதல் 500,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) 1.25 விழுக்காடு, அடுத்த 70 லட்சம் வெள்ளிக்கு 1 விழுக்காடு, அதற்கு மேலே பேசித் தீர்த்துக்கொள்ளலாம், ஆனால் 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

சுங்கை சிப்புட்டில் ஒற்றை மாடித் தொடர்வீடு ஒன்று 250,000 வெள்ளிக்குக் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரின் வழக்கறிஞருக்குச் சேர வேண்டியது 3,125 வெள்ளி. இதே வேலையைக் கோலாலம்பூரில் 12 லட்சம் வெள்ளி வீட்டுக்குச் செய்தால் 13,250 வெள்ளி. பாரம் ஒன்றுதான், சட்டம் ஒன்றுதான், தப்பு நடந்தால் தலையில் விழும் பழியும் ஒன்றுதான். கூலி மட்டும் நான்கு மடங்கு. ஈப்போவின் கெட்டிக்கார லாயரும் கோலாலம்பூரின் சுமாரான லாயரும் சம்பாதிப்பதில் இருக்கும் வித்தியாசத்துக்குப் பாதி விளக்கம் இந்த ஓர் அட்டவணையிலேயே கிடைத்துவிடும்.

இந்த விகிதம் ஏறிய வேகத்தையும் பார்க்க வேண்டும். 2006இல் நடப்புக்கு வந்த ஆணைப்படி அதே 250,000 வெள்ளி வீட்டுக்கு 2,200 வெள்ளி. 2017இல் திருத்திய பிறகு 2,500. இப்போது 3,125. பதினேழு ஆண்டுகளில் ஏறத்தாழ 42 விழுக்காடு உயர்வு. இதே காலத்தில் கிராணியின் சம்பளமும் கடைவீட்டு வாடகையும் எவ்வளவு ஏறின என்பதை வாசகர்கள் தங்கள் வீட்டுச் செலவை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம். வீட்டு விலையும் ஏறியதால் கட்டணமும் சேர்ந்து ஏறியது என்று ஒருவர் வாதாடலாம். நியாயம்தான். ஆனால் தோட்டப்புற ஊர்களில் விலை ஏறிய வேகமும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறிய வேகமும் ஒன்றாக இருந்ததில்லை.

அந்த 3,125 வெள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் அது அதிகமா குறைவா என்பது தெரியும். முதலில் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, தேடிப் பார்க்க வேண்டும். நிலம் யார் பெயரில் இருக்கிறது, அடமானம் இருக்கிறதா, கைமாற்ற விடாமல் தடுக்கும் கேவியட் என்ற பதிவு விழுந்திருக்கிறதா, கைமாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு இருந்துவிட்டால் மாதக்கணக்கில் காத்திருப்பு. பிறகு விற்பனை ஒப்பந்தம், வாங்குபவரின் உரிமையைக் காக்க 19பி பாரத்தில் கேவியட், விற்பவரின் பழைய கடனைத் தீர்க்க அவருடைய வங்கியோடு கடிதப் போக்குவரத்து, அடமானத்தை நீக்க 16என் பாரம், கைமாற்ற 14ஏ பாரம், நில ஆதாய வரிக்கான பாரங்கள், முத்திரை வரி, நிலவரி, கதவு வரி பாக்கி. இதற்கிடையில் விற்பவரின் தம்பி வந்து வீட்டில் தனக்கும் பங்கு இருக்கிறது என்பார். எல்லாம் சுமுகமாக நடந்தாலே மூன்று, நான்கு மாதம். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே மாவட்ட நில அலுவலக வேலை என்றால் கிராணி கோலகங்சாருக்கு வண்டி ஏற வேண்டும்.

வாடிக்கையாளரின் கண்ணில் இது வேறு மாதிரி தெரிகிறது. அவர் கையில் வாங்கும் பில்லில் கடைசி வரியில் ஒரு பெரிய தொகை இருக்கும், அது முழுவதும் லாயரின் பைக்குள் போகிறது என்று நினைத்துக்கொள்வார். 250,000 வெள்ளி வீட்டுக்குக் கைமாற்ற முத்திரை வரி மட்டும் 4,000 வெள்ளி: முதல் 100,000க்கு 1 விழுக்காடு, மிச்சத்துக்கு 2 விழுக்காடு. 225,000 வெள்ளி கடன் எடுத்தால் கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, அதாவது 1,125 வெள்ளி. முதல் வீட்டுக்கு அரசாங்கம் தரும் விலக்கு கிடைத்தால் தப்பித்தார், இல்லாவிட்டால் லாயரின் கட்டணத்தைவிட அரசாங்கம் எடுத்துக்கொள்வதே அதிகம். ஆனால் யாரும் "அரசாங்கம் கொள்ளையடித்துவிட்டது" என்று காப்பிக் கடையில் பேசுவதில்லை. பில் எழுதியவர் பெயர்தான் அடிபடும்.

இன்னொன்றும் உண்டு. வீட்டு விலையின் பெரும்பகுதி வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்கு வழியாகத்தான் போகும். நில ஆதாய வரிக்காக விலையில் 3 விழுக்காட்டை, நம் உதாரணத்தில் 7,500 வெள்ளியை, பிடித்து வருமான வரி வாரியத்துக்குக் கட்டும் பொறுப்பும் வாங்குபவரின் வழக்கறிஞருடையது. அந்தப் பணம் எதுவும் அவருடையது இல்லை. தனிக் கணக்கில் வைக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்காய்வாளர் அறிக்கை கொடுக்க வேண்டும், ஒரு காசு தவறினாலும் தொழிலே போய்விடும். கோயில் உண்டியலுக்குக் காவல் இருப்பவனுடைய நிலைதான்.

சரி, வீட்டுக் கடன் பத்திரத்துக்கும் அதே விகிதத்தில் கட்டணம் உண்டே, அது சேர்ந்தால் இரட்டிப்பு வருமானம் ஆகாதா? ஆகும், வேலை ஊரிலேயே இருந்தால். வங்கிகள் தங்களுக்கென்று வழக்கறிஞர் பட்டியல் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத அலுவலகம் அந்த வங்கியின் கடன் பத்திரத்தைத் தொட முடியாது. எத்தனை வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், காப்பீடு எவ்வளவு என்றெல்லாம் பார்ப்பார்கள். தனி ஆளாக நடத்தும் அலுவலகம் ஒன்றிரண்டு வங்கிகளில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. அதனால் வீடு சுங்கை சிப்புட்டில் இருக்கும், வாங்குபவர் சுங்கை சிப்புட்காரர், கடன் பத்திரம் மட்டும் ஈப்போவுக்குப் போய்விடும். அந்த அலுவலகமே விற்பனைப் பத்திரத்தையும் சேர்த்துச் செய்துகொடுப்பது வாடிக்கையாளருக்கு வசதி. ஊர் லாயருக்கு இரண்டும் இல்லை.

நம்மைச் சுற்றி இருப்பது தோட்டங்கள். நிலம்தான் பணம் என்றால் தோட்டம் கைமாறும்போது ஊர் லாயருக்கு மழை பெய்ய வேண்டும் அல்லவா? ஐந்து கோடி வெள்ளிக்கு ஒரு செம்பனைத் தோட்டம் விற்கப்படுகிறது என்று கொள்வோம். விகிதப்படி முதல் 75 லட்சத்துக்கு மட்டும் 76,250 வெள்ளி. மிச்சத்துக்கு உச்சபட்சம் 425,000 வெள்ளிவரை பேசிக்கொள்ளலாம். ஒரே கோப்பில் ஐந்து லட்சம் வெள்ளி! நூற்றைம்பது தொடர்வீடுகளுக்கு ஓடினாலும் அவ்வளவு வராது. ஆனால் விற்கும் கம்பெனியின் தலைமையகம் கோலாலம்பூரில், வாங்கும் கம்பெனியும் அங்கேதான், பத்திரமும் அங்கேயே முடிந்துவிடும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்து விற்பதற்குத் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பது போன்ற சிக்கலான வேலைகளும் அந்தப் பெரிய அலுவலகங்களுக்குத்தான். தோட்டம் விற்ற செய்தி சுங்கை சிப்புட் லாயரை வந்தடைவது வேறொரு வடிவத்தில்: வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட தொழிலாளர்களாக, தோட்டக் குடியிருப்பான லயத்தைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசாக.

அந்த நோட்டீசுக்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். வேலை நீக்க இழப்பீட்டுக்கு 1980ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 22 ஆண்டு ரப்பர் பால் வெட்டிய ஒரு பெண்ணுக்கு நாள் சம்பளம் 65 வெள்ளி என்று கொண்டால் 28,600 வெள்ளி. தோட்டம் கைமாறிய ஏழு நாளுக்குள் புதிய முதலாளி பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தர முன்வந்தால் அந்த இழப்பீடும் கிடையாது. அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் இந்த 28,600 வெள்ளியைவிடப் பெரிய தொகை வந்திருக்காது. ஆனால் இதற்கு லாயரிடம் போனால், கோப்பு திறந்து, பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி, இரண்டு மூன்று தவணை போய் வந்தால், லாயர் நியாயமாகக் கேட்கும் தொகையே அவருக்கு மலையாகத் தெரியும். மனசாட்சி உள்ள லாயர் தொழிலாளர் அலுவலகத்துக்கு வழிகாட்டி அனுப்பிவிடுவார். அங்கே கட்டணம் இல்லை. லாயரின் ரசீதுப் புத்தகத்திலும் ஒன்றும் இல்லை.

வழக்கு என்று எடுத்துக்கொண்டால் தோட்டப்புற ஊரில் உண்மையாகவே வருமானம் தருவது சாலை விபத்து. காரணம் சொல்லத் தேவையில்லை, நம் பிள்ளைகளும் மோட்டார் சைக்கிளும் போதும். விபத்து வழக்குகளை எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம். எங்களுக்கு அது ஈப்போ, முப்பது கிலோமீட்டருக்குள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் எல்லை 100,000 வெள்ளியோடு நின்றுவிடும்.

விபத்தில் ஒருவர் இறந்தால் அவரை நம்பியிருந்தவர்களுக்கு எவ்வளவு என்பதைக் கணக்கிட 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டத்தில் சூத்திரமே இருக்கிறது. முப்பது வயதுக்கு உட்பட்டவர் என்றால் 16 ஆண்டு. அதற்கு மேல் என்றால் 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 28 வயதுப் பையன் மாதம் 800 வெள்ளி அம்மாவிடம் கொடுத்து வந்தான் என்று நிரூபித்தால் 800 பெருக்கல் 12 பெருக்கல் 16, அதாவது 153,600 வெள்ளி. துக்க இழப்பீட்டுத் தொகை 2019 செப்டம்பரிலிருந்து 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளியாக உயர்ந்தது. வழக்கை மூன்று ஆண்டுக்குள் போட்டாக வேண்டும்.

தொகையைப் பார்த்ததும் லாயருக்கு இதில் பத்தோ இருபதோ விழுக்காடு என்று மனம் தானாகக் கணக்குப் போடும். சட்டம் அதைத் தடுக்கிறது. கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு, ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாடுகள் நம் நாட்டு வழக்கறிஞர்களுக்கு அனுமதி இல்லை. செய்த வேலைக்குத்தான் கட்டணம். வேடிக்கை என்னவென்றால், வாடிக்கையாளர்களே இதை ஏற்க மாட்டார்கள். "இப்போது கையில் காசு இல்லை, கேஸ் ஜெயித்ததும் எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா" என்பார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை, கையில் காசு இல்லைதான். விளைவு, போலீஸ் புகாரும் வரைபடமும் மருத்துவமனை அறிக்கையும் நிபுணர் அறிக்கையும் வாங்கும் செலவை லாயர் தன் கையிலிருந்து போட்டுவிட்டு இரண்டு, மூன்று ஆண்டு காத்திருக்கிறார். அறுபது, எழுபது கோப்புகள் ஒரே நேரத்தில் ஓடினால் அவற்றில் முடங்கிக் கிடக்கும் பணம் கொஞ்சநஞ்சம் இல்லை. இந்தத் துறையில் நிலைத்து நிற்பவர்கள் சட்டம் தெரிந்தவர்கள் மட்டும் இல்லை, முதல் போட முடிந்தவர்கள்.

மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் புரோக்கர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. ஆள் பிடித்துத் தருபவருக்குக் கமிஷன் கொடுப்பது சட்டவிரோதம், வழக்கறிஞர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம். நேர்மையாக நடப்பவர் அந்தக் கமிஷனைக் கொடுக்காததால் கோப்புகளை இழக்கிறார். எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாகாத வருமான இழப்பு அது.

விவாகரத்தும் கொஞ்சம் வருமானம் தரும். முஸ்லிம் அல்லாதோரின் விவாகரத்து 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி உயர் நீதிமன்றத்தில்தான் நடக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து மனுப் போட்டால் வேலை சுருக்கம், கட்டணமும் சுருக்கம். சண்டை என்றால் முதலில் சமரசக் குழு, பிறகு பிள்ளைகள், பிறகு நகை. நகைதான் இழுக்கும்.

இனி எதுவும் தராத வேலைக்கு வருகிறேன். அலுவலக நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இதற்குத்தான் போகிறது என்று தயங்காமல் சொல்வேன். வயதான அம்மா ஒருவர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதங்களோடு மாடி ஏறி வருவார். உள்ளே கிராண்ட், கணவரின் இறப்புச் சான்றிதழ், பழைய வரி ரசீதுகள், சம்பந்தமே இல்லாத ஒரு மின்சார பில். கணவர் பெயரில் இருக்கும் வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். உயில் இல்லை. மூன்று பிள்ளைகள், ஒருவன் சிங்கப்பூரில், இன்னொருவன் பேச்சுவார்த்தையில் இல்லை.

"தம்பி, உங்கள் அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் நின்றவர்கள் நாங்கள்" என்று ஆரம்பிப்பார். அந்த வாக்கியத்தோடு கட்டணம் என்ற பேச்சு முடிந்துவிட்டது என்று பக்கத்து மேசையிலிருக்கும் எனக்குத் தெரியும். லாயர் பொறுமையாக விளக்குவார்: 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி, கணவரின் பெற்றோர் உயிரோடு இல்லாவிட்டால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. வீடு முழுவதும் அவருக்கு வர வேண்டுமானால் பிள்ளைகள் விட்டுக்கொடுக்க வேண்டும். அம்மா நம்ப மாட்டார். "நான் கட்டிய வீடு, தம்பி." அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. ஒரு மணி நேரம் போன பிறகு கோலகங்சார் நில அலுவலகத்தில் எந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும், யார் யார் விசாரணைக்கு வர வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதிக் கொடுப்பார். அம்மா பத்து வெள்ளி நோட்டை மேசையில் வைப்பார். லாயர் அதைத் திருப்பிக் கொடுப்பார். சில நாள் இது இரண்டு முறை நடக்கும்.

இந்த அம்மாவின் வேலையைச் சட்டமே லாயரிடமிருந்து எடுத்து நில அலுவலகத்திடம் கொடுத்திருக்கிறது. நிலம், வீடு அடங்கிய சிறு சொத்துகளின் பங்கீட்டை நில அலுவலகமே செய்யலாம். அதன் எல்லை 2009இல் 20 லட்சம் வெள்ளியாக உயர்ந்தது, 2024 ஜூலையிலிருந்து 50 லட்சம் வெள்ளி. சுங்கை சிப்புட்டில் இறந்துபோகும் எத்தனை பேருடைய சொத்து 50 லட்சத்தைத் தாண்டும்? மக்களுக்கு இது மிகப் பெரிய நன்மை, நான் மனதார வரவேற்கிறேன். லாயரின் ரசீதுப் புத்தகத்தில் ஒரு பக்கம் காலியானது என்பதும் உண்மை.

ஆக, மிச்சம் என்ன? கீழே வருவது நானாகப் போடும் மாதிரிக் கணக்கு, எந்த அலுவலகத்தின் கணக்கும் இல்லை. ஒரு லாயர், இரண்டு கிராணிகள். புதிதாக வந்தவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, அனுபவசாலிக்கு 2,600. ஊழியர் சேமநிதிக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, சொக்சோ என்ற தொழிலாளர் பாதுகாப்புச் சந்தா எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 4,900 வெள்ளி. அலுவலகம் இருக்கும் கடைவீட்டு மாடிக்கு வாடகை 1,300. மின்சாரம், இணையம், தாள், அச்சு மை 700. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் எண்ணெய்ச் செலவு 500. தொழில் உரிமம், கட்டாயக் காப்பீடு, கணக்காய்வாளர், சட்ட உதவி நிதிக்கு ஆண்டுக்கு 100 வெள்ளி, இவற்றை மாதத்துக்குப் பிரித்தால் 600 என்று வைப்போம். மொத்தம் 8,000 வெள்ளி.

இந்த ஊரில் வீட்டு விலையைச் சராசரியாக 200,000 வெள்ளி என்று கொண்டால் ஒரு கோப்புக்கு 2,500 வெள்ளி. மாதம் மூன்று வீடு முடிந்தாலும் கதவைத் திறந்துவைக்கும் செலவுக்கே 500 வெள்ளி குறையும். ஆறு முடிந்தால் லாயர் கையில் 7,000. அதில் அவருடைய காருக்கும் வீட்டுக்கும் படிப்புக் கடனுக்கும் கட்ட வேண்டும். அவருக்குச் சேமநிதி கட்ட முதலாளி யாரும் இல்லை. விபத்துக் கோப்புகள் சில முடிந்த மாதம் நன்றாக இருக்கும், பெருநாள் விடுமுறைகள் சேர்ந்துவரும் மாதம் காய்ந்துவிடும். அலுவலகம் அனுபவசாலியின் கையில் இருந்து, இரண்டு வங்கிப் பட்டியல்களில் இடமும் இருந்தால் இந்த எண்கள் இரட்டிப்பாகும். அப்படிப்பட்டவர்களைத்தான் ஊர் பார்க்கிறது, அவர்களை வைத்துத்தான் எல்லா லாயரையும் அளக்கிறது.

ஊர் லாயர் பணக்காரரா என்று அறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. அவர் கொடுக்கும் பில்லைப் பாருங்கள். சட்டச் சேவைக்கு 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு சேவை வரி. ஆனால் ஆண்டு வரவு 500,000 வெள்ளியைத் தாண்டும் அலுவலகம்தான் அந்த வரியை வசூலிக்க வேண்டும். பில்லில் சேவை வரி என்ற வரியே இல்லையென்றால், அந்த அலுவலகத்தின் மொத்த வரவு மாதத்துக்கு ஏறக்குறைய 41,600 வெள்ளிக்குள்தான் இருக்கிறது என்று பொருள். லாபம் இல்லை, வரவு. அதிலிருந்துதான் வாடகையும் சம்பளமும். தோட்டப்புற ஊர்களில் சேவை வரி போட்ட பில்லை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது பிள்ளையைச் சட்டம் படிக்க வைக்க நினைக்கும் பெற்றோருக்கு. உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் நேரடி வழி. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் சட்டத்துறை இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டம் என்றால் பெரும்பாலும் சி.எல்.பி. என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வைத் தாண்ட வேண்டும். அது 1984இல் தொடங்கியது, எத்தனையோ குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அதன் பிறகு ஒன்பது மாதம் மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி. அந்த ஒன்பது மாதமும் வழக்கறிஞர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் வேறு வேலை பார்த்துச் சம்பாதிக்கக்கூடாது. பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகை அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். கோலாலம்பூரின் பெரிய அலுவலகத்துக்கும் சின்ன ஊர் மாடிக்கும் உள்ள தூரம் அங்கேயே தெரிந்துவிடும். படிக்கக் கடன் வாங்கிய பிள்ளைக்கு ஊருக்குத் திரும்புவது பாசத்தால் எடுக்கும் முடிவாகத்தான் இருக்கும், கணக்கால் எடுக்க முடியாது.

குற்றவியல் வழக்குகளில் ஏழைகளுக்காக வாதாட 2011இல் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. அரசாங்கப் பணத்தில் இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு சிறு தொகை கிடைக்கிறது. தொழில் பழகவும் அது நல்ல இடம். அதை நம்பி அலுவலகம் நடத்த முடியாது.

தொழில்நுட்பம் கைகொடுக்காதா என்பார்கள். மனுக்களை மின்வழி தாக்கல் செய்வது பழகிப்போனது, 2020க்குப் பிறகு காணொளியில் வழக்கை நடத்தவும் சட்டத்தில் வழி வந்துவிட்டது. ஐந்து நிமிடத் தவணைக்காக ஈப்போவுக்கு ஓடிய காலம் மாறியது சுங்கை சிப்புட் லாயருக்கு லாபம். அதே வசதியைக் கொண்டு ஷா ஆலாமில் உட்கார்ந்திருப்பவரும் இந்த ஊர் விபத்துக் கோப்பை நடத்தலாம், நடத்துகிறார்கள். ஊர் லாயரின் கையில் மிச்சமிருக்கும் பலம் மொழி. நீதிமன்ற ஆவணம் தேசிய மொழியில் இருக்க வேண்டும், சட்டப் புத்தகங்களில் பாதி ஆங்கிலம், கட்சிக்காரர் பேசுவது தமிழ். மகன் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினான் என்பதை ஒரு தாயிடம் தமிழில் கேட்டு, அழுகைக்கு நடுவே சரியான பதிலை வாங்கி, சத்தியப் பிரமாணத்தில் பிசகில்லாமல் எழுதுவது ஒரு திறமை. கட்டண அட்டவணையில் அதற்கு விகிதம் இல்லை.

எதிர்காலம் நிலத்தில்தான் இருக்கிறது, அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஈப்போவை ஒட்டிய தோட்ட நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறிவருகின்றன. விலை கூடினால் ஊர் லாயரின் கட்டணமும் கூட வேண்டும் என்பது நான் இதுவரை சொன்னதன் தர்க்கம். ஆனால் புது வீட்டை விற்கும்போது மேம்பாட்டாளர் தன் வழக்கறிஞர்களை வைத்தே எல்லாப் பத்திரங்களையும் முடித்து, சட்டக் கட்டணம் இலவசம் என்று விளம்பரமும் போட்டுவிடுகிறார். அந்த வழக்கறிஞர்கள் பெரும்பாலும் பெரிய பட்டணத்தவர்கள். முதல் விற்பனையில் சுங்கை சிப்புட் மாடிக்கு எதுவும் வருவதில்லை. ஐந்தோ பத்தோ ஆண்டு கழித்து அந்த வீட்டுக்காரர் அதை விற்கும்போதுதான் வாங்குபவர் உள்ளூர் லாயரைத் தேடுவார். வீடு அப்போது 320,000 வெள்ளிக்குப் போனால், இன்றைய விகிதத்தில் 4,000 வெள்ளி. அதுவும், வாங்குபவரின் வங்கி தன் பட்டியலைக் காட்டி அவரை ஈப்போவுக்கு அனுப்பாமல் இருந்தால்.